காலைப் பாசஞ்சரின் புதுப் பெட்டி

ரயில்வே காலனி
9.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி அருள்மணி எழுதுவது. நானும் புவனேஸ்வரியும் இங்கு சௌக்கியம். உன் முட்டிவலியும் அத்தானின் இருமலும் எந்த அளவில் இருக்கின்றன என்று தெரியப்படுத்தவும். உன் மகள் கல்யாணத்துக்கு நான் ஒரு நாள் தாமதமாக வந்ததிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. தாய்மாமன் மாலை போடுகிற நேரத்தில் ஆபீசில் இன்ஸ்பெக்‌ஷன் என்றால் நான் என்ன செய்வேன்? போனை எடுக்காவிட்டாலும் கடிதத்தைப் படிக்காமல் இருக்க மாட்டாய் என்று தெரியும்.

ஒரு நல்ல செய்தி. நீ தினமும் திருமயத்தில் ஏறித் திருச்சிக்கு வேலைக்குப் போகிறாயே, அந்தக் காலைப் பாசஞ்சரில் சித்திரையிலிருந்து ஓடும் பெட்டிகள் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் மாற்றியமைத்தவை. எல்லாம் ஒரு காலத்தில் எக்ஸ்பிரஸில் ஓடிய பழைய ஸ்லீப்பர் பெட்டிகள். படுக்கைகளைக் கழற்றி, சுவரோரம் நீள பெஞ்சு போட்டு, பிடித்துக்கொண்டு நிற்கக் கம்பி கட்டி, புதுப் பெயின்ட் அடித்து அனுப்பினோம். அந்தப் பிரிவுக்குத் தலைமை உன் தம்பிதான். பழைய பெட்டிகள் பாசஞ்சராக மாறிய வரலாற்றை எங்கள் ஆபீஸ் ஆண்டு மலருக்குக் கட்டுரையாகவும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இந்த வருடம் சிறந்த பணிக்கான பரிசுக்கு என் பெயர் போயிருக்கிறது. சீசன் டிக்கெட் பயணிகள் சார்பில் ஒரு பாராட்டுக் கடிதம் இருந்தால் கனமாக இருக்கும். உன் பேச்சுக்கு அங்கே மதிப்பு உண்டு என்று கேள்விப்பட்டேன். நாலு பேரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பவும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி
அருள்மணி


திருமயம்
20.6.2025

தம்பி அருள்மணிக்கு,

அக்கா எழுதுவது. அத்தான் இருமுகிறார், நான் நொண்டுகிறேன், மற்றபடி இருவருக்கும் குறையில்லை. புவனேஸ்வரியைக் கேட்டதாகச் சொல்.

உன்னோடு பேச மாட்டேன் என்று கல்யாணப் பந்தலில் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்.

அந்தப் பெட்டியைச் செய்தது நீதானா? "எந்த வீணாப்போனவன் செஞ்சானோ"என்று இரண்டு மாதமாகப் பெண்கள் பெட்டி மொத்தமும் திட்டுகிறது. நானும் சேர்ந்துதான் திட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மனசோடு திட்டியிருப்பேன்.

நீ அடித்த புதுப் பெயின்ட்டுக்கு அடியில் பழைய பெர்த் நம்பர் பல்லைக் காட்டுகிறது. படுக்கைச் சங்கிலி மாட்டியிருந்த ஓட்டைகளில் மழைக்காலத்தில் பூச்சி குடியிருக்கும். அதெல்லாம் போகட்டும், நமக்குப் பழசு புதிதல்ல. ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாலு மூலையிலும் இருந்த கக்கூஸ் எங்கேடா? கதவு இருந்த இடத்தில் தகரத்தை அடித்து, அந்த இடத்தில் நிற்கக் கம்பி கட்டியிருக்கிறாய். நான் வீட்டை விட்டுக் கிளம்புவது ஐந்தரைக்கு. எதிர் ரயிலுக்கு வழிவிட வண்டி வெள்ளனூரில் கிராசிங்குக்கு நின்றால் எப்போது எடுப்பான் என்று அந்த எஞ்சினுக்கே தெரியாது. திருச்சி போய்ச் சேரும்வரை எழுபது பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். ஐயர் வரும்வரை அமாவாசை காத்திருக்குமா?

பாராட்டுக் கடிதம் கேட்டாயே. கக்கூஸைத் திருப்பி வை, நானே எழுதி எழுபது பேரிடமும் கையெழுத்து வாங்குகிறேன்.

அக்கா,
அமுதவல்லி


ரயில்வே காலனி
2.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? உன் எழுத்தைப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது.

நீ உணர்ச்சிவசப்படுகிறாய். கழிப்பறைகளை எடுத்தது மேலிடத்து உத்தரவு. நான் வெறும் திருப்புளி, திருகச் சொன்னால் திருகுவேன். ஆனால் உத்தரவில் நியாயம் இருக்கிறது. குறுகிய தூரப் பயணம். கழிப்பறையும் மேலே இருந்த தண்ணீர்த் தொட்டியும் போனால் எடை குறைகிறது, தண்ணீர் நிரப்பும் வேலை மிச்சம், கூட்டம் நிற்க இடம் கிடைக்கிறது. இடம் இல்லை, இடம் இல்லை என்று வருடக்கணக்கில் மனுப் போட்டது நீங்கள்தானே? கொடுத்தால் இப்போது இது நொட்டை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வீட்டிலேயே போய்விட்டு வந்தால் என்ன?

என் கட்டுரைக்காகத் தேடியதில் சுவையான செய்திகள் கிடைத்தன. மீட்டர் கேஜ் காலத்திலிருந்தே உங்கள் பக்கத்துக்குப் போனவை எல்லாம் மாற்றியமைத்த பெட்டிகள்தானாம். முதல் வகுப்புப் பெட்டியின் அறைச் சுவர்களை இடித்துப் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். தபால் ஏற்றிச் சென்ற பெட்டிக்கு ஜன்னல் வெட்டிப் பயணிகளை ஏற்றியிருக்கிறார்கள். எவ்வளவு சிக்கனம், எவ்வளவு சாமர்த்தியம்! நீ அந்தப் பெட்டிகளில் போயிருப்பாய். நினைவு இருந்தால் இரண்டு வரி எழுது, கட்டுரையில் சேர்க்கிறேன். கையெழுத்து வேலையும் நடக்கட்டும்.

அத்தானுக்கு வணக்கம்.

தம்பி
அருள்மணி


திருமயம்
14.7.2025

தம்பிக்கு,

மாத்திரை சாப்பிடுகிறேன். உன் கடிதம் வரும் நாளில் இரண்டாகச் சாப்பிடுகிறேன். அத்தான் தேவலை.

உன் கட்டுரைக்கு நினைவு வேண்டுமாம். எழுதிக்கொள். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் எங்களுக்கு அந்தத் தபால் பெட்டிதான். கடிதம் பிரித்துப் போடுகிற மர அறைகளை எடுக்க மறந்துவிட்டார்கள். அதில் ஊர் ஊராகப் பெயர் எழுதியிருந்தது. என் சாப்பாட்டுத் தூக்கு தினமும் தஞ்சாவூரில் இருக்கும், கீரனூரில் ஏறுகிறவள் தன்னுடையதை மதுரையில் வைப்பாள். வெட்டிய ஜன்னலுக்குக் கதவு இல்லை, மழை வந்தால் உள்ளேயே குடை பிடித்தோம். அந்த லட்சணம் கெட்ட பெட்டியிலும் ஒரு கக்கூஸ் இருந்தது. தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எருமை மாடு மாதிரி எங்களை அடைத்த அந்தக் காலத்து அதிகாரிக்குக்கூட இவர்களும் மூத்திரம் பெய்வார்கள் என்று தெரிந்திருந்தது. படித்துப் பட்டம் வாங்கிய உனக்குத் தெரியவில்லை.

வீட்டில் போய்விட்டு வந்தால் என்ன என்று கேட்டாய். சுகுணா என்று ஒருத்தி. திருமயத்தில் என்னோடு ஏறுகிறாள், திருச்சியில் ஒரு மருந்துக் கடையில் பார்சல் கட்டுகிறாள். சர்க்கரை நோய். வீட்டில் போய்விட்டுத்தான் வருகிறாள், புதுக்கோட்டைக்குள் மறுபடி வந்துவிடுகிறது. அதனால் விடிந்ததிலிருந்து கடை சேரும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வருகிறாள். அடக்கி அடக்கி மூத்திரப் பையில் சீழ் வைத்து மூன்றாவது தடவையாக ஊசி போட்டுக்கொண்டிருக்கிறாள். "வேலய விட்டுரலாம்னு பாக்குறேங்க்கா. பஸ்ஸுக்குக் குடுத்தா சம்பளத்துல என்ன மிஞ்சும்?"என்று நேற்று அழுதாள். அவளுக்குப் பதில் சொல். பிறகு உன் வரலாற்றை எழுது.

அமுதவல்லி


ரயில்வே காலனி
10.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வேலை மும்முரத்தில் பதில் தாமதமாகிவிட்டது. ஆடிக் காற்றில் உன் முட்டிக்குக் குளிர் ஆகாது, கவனம்.

தபால் பெட்டிச் செய்தியைக் கட்டுரையில் சேர்த்துவிட்டேன். எருமை என்ற சொல்லை மட்டும் எடுத்தேன். அடுத்த தொகுப்புப் பெட்டிகள் ஒர்க்‌ஷாப்புக்குள் வந்துவிட்டன. அவையும் உங்கள் பக்கம்தான் வரும் போலிருக்கிறது. அதே மாதிரிதான் செய்கிறோம்.

பாராட்டுக் கடிதம் இன்னும் வரவில்லையே? புரட்டாசிக்குள் இருந்தால் நல்லது. நம் ஊர்க்காரர்களிடம் இதுதான் பிடிக்காதது. எதைக் கொடுத்தாலும் குறை. வெளியூர்க்காரன் செய்தால் மாலை போடுவார்கள், சொந்த ஊர்க்காரன் என்றால் கக்கூஸ் எங்கே என்பார்கள்.

தம்பி
அருள்மணி


திருமயம்
28.8.2025

அன்புள்ள தம்பி அருள்மணிக்கு,

அக்காவின் ஆசிகள். நாங்கள் மிக நலம். நீ எப்படி இருக்கிறாய்? இளைத்துவிடாதே, வேளாவேளைக்குச் சாப்பிடு.

யோசித்துப் பார்த்தேன். சொந்த ஊர்க்காரனுக்கு மாலை போட மாட்டார்கள் என்று எழுதியது மனத்தில் தைத்தது. வருடா வருடம் ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தின நாள் நாங்கள் பெட்டிக்குப் பூஜை போடுவது உனக்குத் தெரியுமே. வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை கொடுத்துக்கொண்டே திருச்சி வரை போவோம். இந்த வருடம் பெட்டியைச் செய்தவனையே கூப்பிட்டு மரியாதை செய்தால் என்ன என்று ராக்கனிடம் சொன்னேன். லேத் பட்டறை ராக்கன்தான் எங்கள் சீசன் பயணிகளுக்குச் செயலாளர். குதித்துவிட்டான். பொன்னாடை, ஃபிளெக்ஸ், மைக் செட், எல்லாம் உண்டு. நீ கேட்ட பாராட்டுக் கடிதத்தை மேடையிலேயே கொடுப்பார்கள். நான் பேசமாட்டேன், சொன்ன சொல் சொன்னதுதான். ராக்கன் பேசுவான்.

நீ எங்களோடு ரயிலிலேயே திருச்சி வரை வர வேண்டும். அது முக்கியம். புரட்டாசி வெயில் சுள்ளென்று அடிக்கும், ஆனால் கவலைப்படாதே. ஸ்டேஷனில் இறங்கியதும் காபி, பூஜை முடிந்ததும் இளநீர், வண்டியில் குடத்தில் பானகம், நீர்மோர். நானே என் கையால் ஊற்றிக் கொடுப்பேன். வேண்டாம் என்று சொல்லக்கூடாது.

நீ மட்டும் வந்தால் போதும். புவனேஸ்வரியை அலைக்கழிக்க வேண்டாம்.

உன் அக்கா
அமுதவல்லி


ரயில்வே காலனி
6.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துக் கண் கலங்கிவிட்டேன். என்ன இருந்தாலும் ரத்தம் ரத்தம்தான்.

ஃபிளெக்ஸில் என் பெயருக்கு முன் "மாற்றுப்பெட்டி வடிவமைப்பின் தந்தை"என்று போடச் சொல். நானாகச் சொன்னேன் என்று ராக்கனிடம் சொல்லாதே. படம் தனியாக அனுப்புகிறேன், கூலிங் கிளாஸ் போட்டது வேண்டாம்.

புவனாவை விட்டுவிட்டு வருவதா? உன் கடிதத்தைக் காட்டியதும் அவளுக்கு ஒரே சந்தோஷம். "மதினி இத்தன நாளு கழிச்சு ஆசயாக் கூப்புடுறாங்க, நா வராம இருப்பேனா?"என்கிறாள். கல்யாணத்துக்கு எடுத்துக் கட்டாமலே வைத்திருந்த வெந்தய நிறப் பட்டைக் கட்டிக்கொண்டு வருகிறாளாம். காரைக்குடியில் தங்கிவிட்டுக் காலையில் காரில் திருமயம் ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறோம். சரிதானே? ஒரு வரி எழுது.

தம்பி
அருள்மணி


ரயில்வே காலனி
8.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தோம். அங்கே உனக்கும் அத்தானுக்கும் அலைச்சலில் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? என் போன கடிதத்துக்கு நீ பதில் போடாததும் நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் இவ்வளவு ஏற்பாடு செய்திருக்கிறாய் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

விழாவை நினைத்தால் இன்னும் புல்லரிக்கிறது. மைக்கைக் கையில் கொடுத்ததும் எனக்கு எங்கிருந்து பேச்சு வந்ததோ தெரியவில்லை. "கக்கூஸ எடுத்தா அந்த எடத்துல இன்னும் பத்துப் பேரு நிக்கலாம்னு மொதமொதல்ல ஆபீஸ்ல எழுதிக் குடுத்தவனே இந்த அருள்மணிதாங்க"என்று சொன்னபோது ராக்கனும் ஆட்களும் கைதட்டியது பிளாட்பாரம் முழுக்கக் கேட்டது. பெண்கள் பக்கம்தான் கொஞ்சம் அமைதி. கூச்சம் போலிருக்கிறது.

இன்னொன்று. வெள்ளனூரில் கிராசிங்குக்கு நிறுத்தினானே. நீ கொடுத்த இளநீரும் மோரும் பானகமும் எனக்கு முட்டிவிட்டது. என்ன ஆயிற்று? ஆண்களோடு இறங்கினேன், கருவேல மரத்து ஓரமாகப் போனேன், ஏறிக்கொண்டேன். ஒரு சிரமமும் இல்லை. இத்தனை நாள் நீ எழுதிய புகாருக்கெல்லாம் அனுபவத்திலேயே பதில் கிடைத்துவிட்டது. கட்டுரைக்கு முடிவுரையாக இதையே எழுதப் போகிறேன்.

புவனாதான் திருச்சியிலிருந்து ஒரே மௌனம். உன் கைதவறிப் பானகக் குடம் அவள் மடியில் கவிழ்ந்து பட்டுச் சேலை பாழாகிவிட்டது அல்லவா, அந்த வருத்தம். வேறு எடுத்துத் தருகிறேன் என்றும் சொல்லிவிட்டேன். பெண்களுக்குச் சேலைதான் உலகம்.

அன்புடன்
அருள்மணி


திருமயம்
20.10.2025

அருள்மணிக்கு,

நலம் விசாரித்தாய். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

மேலிடத்து உத்தரவு, நான் திருப்புளி என்று எழுதியவன் நீ. ஒரு பொன்னாடையும் ஒரு மைக்கும் கிடைத்ததும் மேலிடமே நீதான் என்று உளறிவிட்டாய். அதற்குக் கைதட்டிய ராக்கனை இறங்கும்போதே பிடித்துக்கொண்டேன். "ஏண்டா, ஒம் பொண்டாட்டியும் இந்தப் பெட்டியிலதானடா வர்றா?"என்றேன். "பேச்சு நல்லா இருந்துச்சேன்னு தட்டுனேங்க்கா"என்கிறான். உங்கள் ஆண்கள் கூட்டத்துக்குக் கையும் நாக்கும் மட்டும் போதும், மற்றது எதற்கு?

கருவேல மரத்தோரம் போய்விட்டு வந்தேன், சிரமமே இல்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். வண்டி நிறைய ஜன்னல். அத்தனை ஜன்னலும் பார்க்க, பட்டப்பகலில், சேலையைச் சுருட்டிக்கொண்டு நாங்கள் எந்த மரத்தோரம் போவது? உனக்கு ஒரு பாடம் புகட்டலாம் என்று நினைத்தேன். உனக்குப் பாடமே ஏறாது என்பதை மறந்துவிட்டேன். அடிமுட்டாள் நான்தான்.

சுகுணா இந்த மாதத்தோடு வேலையை விட்டுவிட்டாள்.

புவனேஸ்வரிக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டேன். அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அவள் சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, அதை மட்டும் எழுது. உன் பரிசைப் பற்றி எழுதாதே.

அமுதவல்லி


ரயில்வே காலனி
15.12.2025

மதினி அவர்களுக்கு,

புவனேஸ்வரி எழுதுவது. நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். உங்கள் தம்பியும் இருக்கிறார். அண்ணனின் இருமலுக்கு ஆடாதொடைக் கஷாயம் நல்லது என்று சொல்லுங்கள்.

உங்கள் கடிதம் புரட்டாசிக் கடைசியிலேயே கிடைத்தது. பதில் போடாததற்குக் காரணம் வெட்கம் இல்லை, கோபம். உங்கள் தம்பியை அடக்க வைத்துத் தவிக்க விடலாம் என்றுதான் அத்தனை குடத்தையும் நிறைத்து வைத்தீர்கள். நான் வருகிறேன் என்று அவர் எழுதியபோது வேண்டாம் என்று ஒரு வரி போட்டிருக்கலாம். போடவில்லை. வந்து நின்றபிறகாவது என்னை மட்டும் குடிக்கவிடாமல் தடுத்திருக்கலாம். "வெயிலு சுடுது, குடிங்க புவனா"என்றீர்கள். நான் உங்கள் பாசத்தைக் குடிப்பதாக நினைத்துக் குடித்தேன். வெள்ளனூரில் இருக்க முடியாமல், "மதினி, எப்ப எடுப்பான்?"என்று உங்கள் கையைப் பிடித்துக் கேட்டேன். "இந்தா எடுத்துருவான்"என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பச்சைக் குழந்தை போல அத்தனை பேர் நடுவில் பட்டுச் சேலையோடு போய்விட்டேன்.

மறு நிமிடமே குடத்தைத் தூக்கி என் மடியில் கவிழ்த்தீர்கள். "அய்யோ, கை தவறிருச்சு"என்று கத்தினீர்கள். யாருக்கும் தெரியாமல் போயிற்று. நீங்கள் முதலில் ஊற்றிக் கொடுத்த பானகத்தை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன். இரண்டாவதாக ஊற்றியதையும் மறக்க மாட்டேன். அண்ணனும் தம்பியுமாகக்கூட இல்லை, அக்காவும் தம்பியுமாக நீங்கள் முட்டிக்கொள்கிறீர்கள், நடுவில் நசுங்குவது நானும் அந்தச் சுகுணாவும்.

போன வாரம் பரிசளிப்பு விழா. ராக்கனும் ஆண்களும் கையெழுத்துப் போட்ட பாராட்டுக் கடிதத்தை மேடையில் படித்தார்கள். பரிசு வாங்கியவரின் மனைவியும் இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். பெரிய அதிகாரியின் மனைவி என்னைக் கைபிடித்து மேடையேற்றினார். நான் அதே பட்டைத்தான் கட்டியிருந்தேன். வேறு கட்டு என்று உங்கள் தம்பி காலையிலிருந்து கெஞ்சினார். கறை என்ன என்று அவருக்கு அப்போதும் தெரியாது.

மைக்கில் சொன்னேன். "எங்க வீட்டுக்காரரு செஞ்ச பெட்டியில நா ஒரே ஒரு நாளு போனேங்க. கக்கூஸ் இல்ல. அடக்க முடியாம இந்தச் சேலையிலயே போயிட்டேன். இது மேல இருக்குறது பானகக் கறை. என்னக் காப்பாத்த எங்க மதினி ஊத்துனது. அந்தப் பெட்டியில தெனமும் போறவுகள ஊத்திக் காப்பாத்த ஆளு இல்லீங்க."மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். யாரும் கைதட்டவில்லை. உங்கள் தம்பி பரிசை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் உத்தரவு வந்தது. ஒர்க்‌ஷாப்பில் நிற்கிற பெட்டிகளில் கழிப்பறையை எடுக்க வேண்டாம் என்று. ஏற்கெனவே ஓடுகிற உங்கள் பெட்டியைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. கேட்டால், அது வேறு ஃபைல் என்கிறார் உங்கள் தம்பி. அந்த ஃபைல் நகரும்வரை நானும் நகரப்போவதில்லை. சுகுணாவிடம் சொல்லுங்கள்.

பரிசை அவர் அலமாரிக்கு மேல், பார்வைக்குத் தெரியாத பக்கம் வைத்துவிட்டார். சேலையை நான் நடு வீட்டுக் கொடியில் போட்டிருக்கிறேன். ஆபீஸ் ஆட்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், வருகிறவர்கள் எல்லோரும் என்ன கறை என்று கேட்கிறார்கள்.

சொல்கிறேன்.

இப்படிக்கு,
புவனேஸ்வரி